கழுதைக்குத் தெரிந்த கற்பூர வாசனை

மசாலைக் கடைக்காரனுக்கு மூக்கு போவது தவில்காரருக்குக் கை போவது போல. எனக்கு அது 2021 ஆகஸ்டில் போனது.

அந்த மாதம் மலேசியாவில் கொரோனா உச்சத்தில் இருந்தது. நாளொன்றுக்கு 20 ஆயிரத்துக்கும் மேல் புதிய தொற்று என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்டர்வொர்த்தில், ஐந்தாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான், மனைவி, மகள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் படுத்தோம். காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிட்டது. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. மனைவி எழுந்து குளித்து, விளக்கேற்றி, கற்பூரத் தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சுடர் தெரிந்தது, உள்ளங்கையில் சூடு தெரிந்தது, வாசனை இல்லை. கற்பூரம் பழசா என்று கேட்டேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கடியில் வைத்தாள். அதுவும் இல்லை.

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்று அப்பா எங்களைத் திட்டுவார். அன்றைக்கு நான் அந்தக் கழுதை ஆனேன்.

கடலுக்கு அக்கரையில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் என்று பலகையில் எழுதியிருக்கும் தெருவை எங்கள் ஆட்கள் கடைத்தெரு என்பார்கள். அதை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கடை. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, வெந்தயம், மிளகாய் என்று வறுத்து அரைத்து, மீன் கறித் தூள், இறைச்சிக் கறித் தூள் என சோறும் பலவகைக் கறியும் விற்கும் நாசி கண்டார் கடைகளுக்கும் விருந்துச் சமையல்காரர்களுக்கும் கொடுக்கிறோம். அப்பா தொடங்கிய தொழில். 1993இல் அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அன்றுமுதல் 28 ஆண்டுகள், மணத்தின் நடுவே உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறேன். கணக்குத்தான் பார்த்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

தனிமைப்படுத்தல் முடிந்து கடைக்குப் போன முதல் நாள், மிளகாய் வறுக்கும்போது தொடர்ச்சியாகத் தும்மினேன். கண்ணில் நீர் கொட்டியது. மூக்கு திரும்பிவிட்டது என்று துள்ளினேன். அது ஏமாற்று. மிளகாயின் காரத்தையும் கற்பூரத்தின் குளிர்ச்சியையும் உணர்வது வாசனை நரம்பு அல்ல, முகத்தின் எரிச்சல், வலி, சூடு, குளிர் எல்லாவற்றையும் மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பு. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. மிளகாய் என்னை அடித்தது, ஆனால் யார் அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த வாரமே ஒரு தவறு நடந்தது. சோம்பைக் கருக்கிவிட்டேன். சோம்பு கருகும்போது நிறம் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது, மணம்தான் சொல்லும். 12 கிலோ தூள் அரைத்துக் கட்டி அனுப்பியாகிவிட்டது. மறுநாள் காலை, அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வாங்கும் நாசி கண்டார் கடை மாமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மூட்டையை மேசையில் வைத்தார். “மாப்பிள்ளை, இதை நீ முகர்ந்து பார்த்தாயா?” என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “இதற்கு முன்னால் மட்டும் முகர்ந்துதான் கொடுத்தாயா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி பல மாதம் என்னோடு இருந்தது. நேர்மையாகச் சொன்னால், இல்லை. முகர்ந்தது எங்கள் அக்கா. அப்பா காலத்தில் வேலைக்கு வந்து இன்னும் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற அவர், வறுக்கும் சட்டியருகே நின்று, “எடுத்துவிடலாம் தம்பி” என்பார். நான் கைப்பேசியில் இருந்து தலையை நிமிர்த்தாமல் சரி என்பேன். கருகிய அன்று அக்கா விடுப்பு.

வாசனை போனவர்களுக்கு ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தத்துவம் பிறகு இருக்கட்டும். சமையல் கேஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாறும் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். மூக்கு இல்லாதவனுக்கு அந்தக் காவல் இல்லை. ஒரு மாலை பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மகள் மாடிப்படியிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அதற்கு மறுநாள் கேஸ் கசிவு அலாரம் வாங்கி மாட்டினோம். நீங்களும் மாட்டுங்கள். பாலையும் மீதக் குழம்பையும் தேதி பார்த்து, அல்லது வீட்டில் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

இரண்டு மாதம் காத்திருந்தும் திரும்பாததால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கப் போனேன். மாத்திரை எழுதுவார் என்று நினைத்தேன். அவர் நான்கு வாசனைகளை எழுதிக் கொடுத்தார்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 20 வினாடி முகர வேண்டும். குறைந்தது மூன்று நான்கு மாதம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துப் பேராசிரியர் தாமஸ் ஹம்மலும் அவரது குழுவும் 2009இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய பயிற்சி இது. அவர்கள் 12 வாரம் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள், செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. எல்லோருக்கும் திரும்பும் என்று உறுதி கிடையாது என்பதையும் மருத்துவர் சொன்னார். மூக்கின் உச்சியில் இருக்கும் வாசனை நரம்பு செல்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைக்கக்கூடியவை. கொரோனாக் கிருமி பெரும்பாலும் அந்த நரம்புகளை நேராகத் தாக்குவதில்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் செல்களைத்தான் தாக்குகிறது. ஆகவே நம்பிக்கை வைக்கலாம் என்றார்.

நான் சிரித்தேன். மசாலைக் கடைக்காரனுக்குக் கிராம்பு முகரச் சொல்லித் தருகிறார்கள். பினாங்கு மண்ணில் கிராம்பும் சாதிக்காயும் வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். கிழக்கிந்தியக் கம்பெனி, இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே நட்டது. பாலிக் பூலாவ் பக்கம் சாதிக்காய் இன்னும் காய்க்கிறது. அந்தத் தீவில் மூட்டை மூட்டையாகக் கிராம்பு விற்கிறவன், ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் பத்துக் கிராம்பைப் போட்டு மருந்துபோல முகரப் போகிறான்.

முதல் நாள் முகர்ந்தபோது வேறொன்று தெரிந்தது. வாசனை வரவில்லை, அது எதிர்பார்த்ததுதான். 20 வினாடி நிற்க முடியவில்லை. அதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

கைக்கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டு கிராம்புப் புட்டியைத் திறந்தேன். ஐந்தாம் வினாடிக்குள் மனம் லோரிக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்குப் போய்விட்டது. அங்கிருந்து கடை வாடகை, வாடகையிலிருந்து மகளின் கல்லூரிக் கட்டணம், கட்டணத்திலிருந்து மைத்துனனுக்குக் கொடுத்த கடன். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு நிமிடம் கடந்திருந்தது. மூக்கு புட்டியில் இருந்தது, ஆள் கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருந்தான். உலகத்தில் எந்த வேலையும் கேட்காத ஒரு வேலை, வெறும் 20 வினாடி, அதற்கே நான் வரவில்லை. 55 வயதில் இதைக் கண்டுபிடிப்பது சந்தோஷமான விஷயம் அல்ல.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் விடியற்காலை தாமரைப் பூப் படத்தோடு “இந்தக் கணத்தில் வாழுங்கள்” என்று ஒரு சித்தப்பா அனுப்புவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். கணத்தில் வாழ்வதென்றால் எப்படி? யார் கதவைத் திறந்து உள்ளே விடுவார்கள்? புட்டி எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொன்னது. மூடியைத் திற, முகர், மனம் போனால் மறுபடி கூட்டி வா. அவ்வளவுதான் வேலை. உணர்ச்சி எதுவும் தேவையில்லை. சந்தோஷம் வருகிறதா என்று எட்டிப் பார்க்கவும் வேண்டியதில்லை. பல்துலக்குவதைப் போல ஒரு கைவேலை.

மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். முகரும்போது அந்த வாசனை எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்க வேண்டும். வாசனைச் செய்தி மூளையில் ஞாபகமும் உணர்ச்சியும் தங்கும் இடங்களுக்கு மிக அருகே போய்ச் சேருகிறது, அதனால் ஞாபகமும் பயிற்சியில் ஒரு பங்கு. கிராம்பு என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். புதுமூட்டை வந்து இறங்கினால், கட்டைப் பிரித்து, முதல் கைப்பிடியை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள், கடன் கேட்க வந்தவர்களும் காத்திருப்பார்கள். பத்து வயதில் நானும் தம்பியும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்போம். அந்தக் கிராம்பு வாசனை, அவர் வேட்டியில் இருந்த சோப்பு வாசனை, சணல் சாக்கின் வாசனை மூன்றும் தனித்தனியாக வந்தன, மூக்கில் அல்ல, எங்கேயோ உள்ளே.

சரி, சமீபத்திய வாசனை ஒன்றை நினைத்துப் பார்ப்போம் என்று ஃபெர்ரியை எடுத்தேன். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவே 1894 முதல் ஓடிய போக்குவரத்து அது. நான் போய்வந்தது இரண்டடுக்கு ஃபெர்ரி, கீழே கார்கள், மேலே நாங்கள். வாரத்தில் ஆறு நாள், போக வர, 27 ஆண்டுகள். 2020 டிசம்பர் 31உடன் அந்தப் பழைய ஃபெர்ரிகள் பயணிகளை ஏற்றுவது நின்றது. அதன் வாசனை என்ன? டீசலா, உப்புக் காற்றா, துருப்பிடித்த இரும்பா? ஒன்றும் வரவில்லை. டீசல் இருந்திருக்க வேண்டும் என்று அறிவு சொன்னதே தவிர, ஞாபகத்தில் ஒரு துளி இல்லை. பத்து வயதில் கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்தது முழுதாக இருக்கிறது. 27 ஆண்டு உட்கார்ந்து வந்த கப்பல் காணாமல் போயிருக்கிறது. ஏனென்றால் நான் அதில் வரவேயில்லை. கடன்காரர்களோடும் வசூலோடும் வந்தேன்.

அதன்பிறகுதான் பயிற்சியை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன். இரவில் களைப்பில் விட்டுப்போனதால், கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை, இழுத்துச் சாத்திய பிறகு ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன். புதிதாக நேரம் ஒதுக்கினால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையின் காலில் கட்டிவிட்டால் அதுவும் இழுபட்டு வரும். ஆழமாக உறிஞ்சாமல், நாய் முகர்வதைப் போலச் சின்னச் சின்னதாக இழுத்தேன். ரோஜா எண்ணெய் சலித்தபோது பக்கத்து மாலைக் கடையிலிருந்து நிஜ ரோஜா வாங்கினேன், எலுமிச்சைக்குப் பதில் லீமாவ் கஸ்தூரியைக் கீறி வைத்தேன்.

மூக்கு வராத அந்த மாதங்களில் காது வந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அக்கா இல்லாத நேரத்தில் வறுவல் பதம் தெரிய வேண்டுமே என்று சட்டியருகே நானே நின்றேன். பச்சைக் கொத்தமல்லி விதை கரண்டியில் புரளும்போது ஈர மணலைக் கிளறுவது போலக் கனத்த சத்தம் வரும். ஈரம் போகப் போக சத்தம் மெலிந்து, மேலேறி, கடைசியில் காய்ந்த இலையில் யாரோ நடப்பது போலச் சலசலக்கும். அந்த இடத்தில் ஒரு விதையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், டிக் என்று சரிபாதியாகப் பிளக்கும். அதற்கு முன்னால் என்றால் நசுங்கும், தாண்டிவிட்டால் பொடியும். அந்த டிக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து முகர்ந்து, “சரியாக இருக்கிறது தம்பி, யார் சொன்னது?” என்றார். கொத்தமல்லியே சொன்னது என்றேன். அவர் நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். கடன் அப்படியே இருந்தது, மூக்கு அப்படியே இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போகும்வரை விரல்நுனியில் அந்தப் பிளவு இருந்துகொண்டே இருந்தது.

மூக்கு திரும்பியது 2022 ஜனவரியில். என்ன வாசனை முதலில் வரும் என்று நானும் மகளும் பந்தயம் கட்டியிருந்தோம். நான் கிராம்பு, அவள் ரோஜா. இருவரும் தோற்றோம். ஒரு மதியம், மழை விட்ட நேரம், கடையின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று ஏதோ ஒன்று. கனமான, புளித்த, அழுகிய ஏதோ ஒன்று. ஒரு கணம் அது என்னவென்றே புரியவில்லை. பிறகு புரிந்தது: சாக்கடை! எங்கள் பின்சந்துச் சாக்கடை! நகராண்மைக் கழகத்துக்குப் போட வேண்டிய புகார்க் கடிதத்தை மனத்துக்குள் பத்து ஆண்டாக எழுதிக்கொண்டிருந்தேனே, அதே சாக்கடை! உள்ளே ஓடிப்போய் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, “நாறுகிறதா, சொல்லுங்கள், நாறுகிறதா?” என்றேன். “நன்றாகவே நாறுகிறது” என்றார். என் கண் கலங்கியது. பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம் என்றே பொருள், பிற்காலத்தில்தான் அந்தச் சொல் கெட்டுப்போனது. அன்று மதியம் எனக்கு அது பழைய பொருளில் திரும்ப வந்தது.

நல்லது மட்டும் வேண்டும் என்று அதற்காகக் காத்திருந்தால் நான் அந்த முதல் வாசனையைத் தவறவிட்டிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். மகிழ்ச்சிக்குப் பயிற்சி செய்கிறேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பூவைத்தான் தேடுகிறார்கள். புட்டியில் எது இருக்கிறதோ அதை முகர்வதுதான் பயிற்சி.

இதோடு கதை சுபம் என்றால் நன்றாக இருந்திருக்கும். பிப்ரவரியில் வாசனைகள் வந்தன, ஆனால் திரிந்து வந்தன. நரம்புகள் மீண்டும் முளைக்கும்போது இணைப்புகள் தாறுமாறாகப் போவதால் இப்படி ஆவதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். காப்பியும் வெங்காயமும் பூண்டும் வறுத்த பொருள்களும்தான் பலருக்கும் மோசமாகத் தெரியுமாம். எனக்கும் அதேதான். இங்கே காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பார்கள். கோப்பிக் கடையைத் தாண்டும்போது எனக்கு டயர் எரிந்தது. வெங்காயம் வதங்கினால் பிணவாடை. என் கடையே எனக்கு எதிரியானது. முகக்கவசத்தை இரண்டாகப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் தயிர்ச்சோறு, வெள்ளரிக்காய், தர்ப்பூசணி. சூடான எதையும் வைக்காதே என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் நான் கடையில் இருக்கும் நேரம் பார்த்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெங்காயம் வதக்கினாள். 30 ஆண்டு சமைத்த பெண், சொந்த வீட்டில் திருட்டுத்தனமாகத் தாளித்தாள். இதைப் பற்றி நாங்கள் அப்போது பேசிக்கொள்ளவில்லை. பேசியிருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் பயிற்சியை 11 நாள் விட்டுவிட்டேன். எண்ணிவைத்திருக்கிறேன். 12ஆம் நாள் மறுபடி தொடங்கியதற்கு வைராக்கியம் காரணமல்ல, மேசையில் புட்டிகள் கண்ணில் படும்படி இருந்ததுதான் காரணம். அக்கா அவற்றைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். கண்ணில் படும் இடத்தில் வையுங்கள் என்பதைத் தவிர இதில் நான் கொடுக்கக்கூடிய ஆலோசனை எதுவும் இல்லை. விட்ட நாள்களுக்காகத் தன்னையே திட்டிக்கொள்வது இன்னும் இரண்டு நாளைத்தான் விழுங்கும்.

அப்போது ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை இருக்கிறது. வந்த வாசனைக்குப் பெயர் வைப்பது. நல்லது, கெட்டது என்று சொல்லக்கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். காப்பி “கெட்ட வாசனை” என்றால் அதோடு கதவு சாத்திக்கொள்கிறது. “ரப்பர், அதற்கடியில் ஈயம், கடைசியில் ஒரு இனிப்பு” என்று எழுதும்போது, அந்தக் கடைசி இனிப்பு ஒரு வாரத்தில் கொஞ்சம் பெரிதானது தெரிந்தது. ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுவேன். பிறகு வாசனை அல்லாததையும் எழுதத் தொடங்கினேன். ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்கில் சீனர்களின் குவான் யின் கோயில் முன்னால் பெரிய ஊதுவத்தியின் சாம்பல் காற்றில் எழும்பி, பூ விற்கும் பாட்டியின் வெள்ளைத் தலையில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. இவ்வளவுதான் ஒரு நாள் குறிப்பு. நாளுக்கு ஒன்று, ஒரு வரி. இரண்டு வரி எழுதினால் இலக்கியம் பண்ணத் தோன்றுகிறது. படம் எடுப்பதை விட்டுவிட்டேன். எடுத்த படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் அங்கேயே கடையைச் சாத்திவிடுகிறது.

மனைவியையும் மகளையும் இதில் சேர்க்கப் பார்த்தது என் முட்டாள்தனம். சாப்பாட்டு மேசையில், “முதல் கவளத்தைக் கண்ணை மூடிச் சாப்பிடுங்கள்” என்றேன். மகள், “அப்பா, எனக்கு ஏழு மணிக்கு வகுப்பு” என்றாள். நியாயம்தான். என் சித்தப்பாவின் தாமரைப் பூவாக நான் மாறிக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டேன். அவரவருக்கு அவரவர் புட்டி.

2023 தைப்பூசத்தின்போது மூக்கு முக்கால்வாசி சரியாகியிருந்தது. ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், முன்னால் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைப்பார்கள் அல்லவா? ஆண்டுதோறும் நான் சாலையோரம் நின்று, பக்கத்தில் இருப்பவரோடு வியாபாரம் பேசிக்கொண்டிருப்பேன். அந்த ஆண்டு தனியாக நின்றேன். ஓடுகள் சிதறும் சத்தம் அடங்கியதும், சூடான தார்ச்சாலையில் இளநீர் பரவி, இனிப்பும் புளிப்புமாய், கொஞ்சம் தாரும் கலந்து ஒரு மணம் கிளம்பியது. அதன்மேல் விபூதி. அதன்மேல் கூட்டத்தின் வியர்வை, மல்லிகை. எல்லாம் தன் தன் இடத்தில், திரியாமல். நான் சாமியைப் பார்த்தேனா என்று மனைவி கேட்டாள். பார்த்தேன் என்றேன். எங்கே பார்த்தேன் என்று சொல்லவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய ஃபெர்ரிகள் ஓடத் தொடங்கின. நடந்து வருபவர்களுக்கும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களுக்கும் மட்டும், குளிரூட்டிய அறை, பழையவற்றைவிட வேகம். கண்ணாடிக்குள் உட்கார்ந்தால் கடல் வாசனை இல்லை. ஏறுவதற்கு முன்னால் கரையில் சில நிமிடம் நின்று, இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். கடல்நீர் வடிந்த நேரத்தில் சேறும் சிப்பியும், மழைக்கு முன் ஒன்றுமே இல்லாத ஒரு வெறுமை. கடன்காரர்கள் இப்போதும் என்னோடு ஏறுகிறார்கள். ஏறட்டும், அவர்களுக்கும் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். முதல் சில நிமிடம் மட்டும் அவர்கள் கரையில் காத்திருக்கிறார்கள்.

நாசி கண்டார் மாமா போன மாதம் வந்தார். மூட்டையை அவிழ்த்து முதல் கைப்பிடியை நான் எடுத்து, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தேன். சோம்பு எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை, ஏதோ ஒரு ஓரம் குறைகிறது. அதை அவரிடம் சொன்னேன். அவர் தானும் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, “எந்த ஓரம்?” என்று கேட்டார். பத்து நிமிடம் சோம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் காசு கொடுக்க மறந்து போய்விட்டார், மறுநாள் ஆள் அனுப்பினார்.

அன்று மாலை ஐந்தாம் மாடிக்கு ஏறி வரும்போது, நான்காவது மாடியிலேயே தெரிந்தது. வெங்காயம். நல்லெண்ணெயில், கறிவேப்பிலையோடு, பொன்னிறத்துக்கு ஒரு நிமிடம் முந்தைய வெங்காயம். பிணவாடை இல்லை, டயர் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறைக் கதவு பழக்கத்தில் சாத்தியே இருந்தது. திறந்தேன். மனைவி பதறி, “சீக்கிரம் வந்துவிட்டீர்களா, வெளியே போங்கள், இதோ முடித்துவிடுகிறேன்” என்றாள். நான் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் நகர்ந்து நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினேன்.

“என்னங்க,” என்றாள் பதினைந்தாம் வினாடியில், “கருகுகிறது.”